மன உறுதிக்கும் சோறு வேண்டும்

நோயிலிருந்து மீண்டவரைப் பாராட்டும் மேடைகளில் ஒரு கருத்து தவறாமல் வந்துவிடுகிறது. துன்பம்தான் இவரைப் புடம்போட்டது, நோய்தான் இவருக்குள் இருந்த வலிமையை வெளியே கொண்டுவந்தது என்று பேசுகிறார்கள், அரங்கமும் கைதட்டுகிறது. இதை ஒப்புக்கொண்டால் கூடவே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அதே நோய் வந்து, சிகிச்சையைப் பாதியில் விட்டு இறந்துபோனவருக்கு உள்ளே வலிமை ஏதும் இருக்கவில்லை என்றாகிவிடும். அப்படிச் சொல்வது பொய், கொடுமையும்கூட. துன்பம் தானாக யாரையும் உயர்த்திவிடுவதில்லை. சலிப்பூட்டும் சின்னச் சின்னக் காரியங்களை நாள் தவறாமல் செய்வதில்தான் மன உறுதி உருவாகிறது. அப்படிச் செய்ய முடிவதற்குப் பக்கத்தில் ஆள் துணை வேண்டும், வயிற்றுக்குச் சோறு வேண்டும். இதை நிறுவக் காசநோயின் வரலாறே போதும். நோயாளியின் ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை உலகிலேயே மிகக் கவனமாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று சென்னை சேத்துப்பட்டு.

காசநோயைப்போல் அழகூட்டப்பட்ட நோய் வேறு இருக்குமா என்பது சந்தேகம். மெல்லிய மனம் கொண்டவர்களையும் மேதைகளையும் தேடிவரும் நோய் அது என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவியிருந்தது. கவிஞர் ஜான் கீட்ஸ் 1821இல், 25 வயதில், ரோம் நகரில் அந்த நோயால் இறந்ததைக்கூடக் கவிதையின் தொடர்ச்சிபோலவே பேசினார்கள். 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் அந்த நோய்க்கான கிருமியைக் கண்டறிந்து அறிவித்த பிறகும் இந்த மயக்கம் முற்றிலும் தெளியவில்லை. ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவின் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தால் வேறு பாடம் கிடைக்கும். அவர் மருத்துவர். படிப்பை முடித்த 1884ஆம் ஆண்டிலேயே இருமலில் ரத்தம் வரத் தொடங்கிவிட்டது. அந்த உடம்போடு 1890இல் சைபீரியாவைக் கடந்து சகலின் தீவுக்குப் போய்க் கைதிகளின் நிலையைப் பதிவுசெய்தார். 1892இல் காலரா பரவியபோது கிராமங்களில் மருத்துவப் பணி செய்தார். அவருடைய உழைப்பை வணங்கத்தான் வேண்டும். ஆனால், மருத்துவராக இருந்தும் தன் நோயைப் பல ஆண்டுகள் அவர் ஒப்புக்கொள்ள மறுத்தார். 1897இல் ரத்தப்போக்கு கடுமையாகி மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் நோய் உறுதிசெய்யப்பட்டது. 1904இல் 44 வயதில் இறந்தார். மனத்திண்மை அவரிடம் ஏராளமாக இருந்தது. நோயோ தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

நம் மொழியில் புதுமைப்பித்தனை நினைக்காமல் இருக்க முடியாது. திரைப்பட வேலைக்காகப் புனே சென்ற இடத்தில் நோய் முற்றி, 1948இல் திருவனந்தபுரத்தில் 42 வயதில் காலமானார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பலன் தருகிறது என்பதைக் காட்டிய பிரிட்டனின் புகழ்பெற்ற ஆய்வறிக்கை வெளிவந்ததும் அதே 1948இல்தான். வறுமையும் காசநோயும் அவர் எழுத்தைக் கூர்மையாக்கின என்று எழுதுகிறவர்கள், அந்த வறுமையும் நோயும் அவர் எழுதியிருக்கக்கூடிய எத்தனையோ பக்கங்களை நம்மிடமிருந்து பறித்தன என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அவர் இன்னும் 20 ஆண்டுகள் சுகமாக வாழ்ந்திருந்தால் தமிழ்ச் சிறுகதைக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

மருந்து இல்லாத காலத்தில் காசநோய்க்கு ஒழுக்கமே சிகிச்சையாக இருந்தது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு ஓய்வு, திறந்த தாழ்வாரத்தில் நல்ல காற்று, மாதக்கணக்கில் கட்டுப்பாடான வாழ்க்கை. இதற்காகவே சானடோரியங்கள் எழுந்தன. மருத்துவர் சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்றும் மின்சார ரயில் அந்தப் பெயர்கொண்ட நிலையத்தில் நின்று போகிறது. வீட்டைவிட்டு, வேலையை விட்டு, விதிகளுக்குள் வாழ்ந்தால்தான் இந்த நோயாளி ஒழுங்காக இருப்பார் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு வசதி வேண்டியிருந்தது. சம்பாதிக்கிறவர் ஓராண்டு சானடோரியத்தில் படுத்துவிட்டால் வீட்டில் உலை வைப்பது யார் என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கவில்லை. நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் படுக்கைகளும் மிகச் சொற்பம்.

இந்த இடத்தில்தான் சேத்துப்பட்டு வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956இல் அங்கே ஓர் ஆய்வு மையத்தை அமைத்தன. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதன் தொடக்ககால ஆய்வுகளை வழிநடத்தினார். நகரின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதி தங்கள் வீட்டிலேயே இருந்தது. இரு தரப்புக்கும் மருந்து ஒன்றுதான்: ஐசோநியாசிட்டும் பாஸ் எனப்படும் மருந்தும், ஓராண்டுக்கு. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, செவிலியர் கவனிப்பு. வீட்டில் நெரிசல், குறைந்த உணவு, பலருக்கு வேலைக்கும் போகவேண்டிய கட்டாயம். 1959இல் முடிவுகள் வெளியாயின. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும் வீட்டில் 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டுக் குழுவினருக்குத் தொடக்கத்தில் நோய் சற்றுத் தீவிரமாக இருந்ததைக் கணக்கில் எடுத்தால் இந்த வித்தியாசம் பெரிதல்ல. வீட்டில் வைத்துச் சிகிச்சை தந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். மதில் சுவரும் மணியோசையும் இல்லாமல், தங்கள் குடிசையில் இருந்தபடியே ஏழைகளால் ஓராண்டு மருந்து சாப்பிட முடிந்தது. சென்னையின் ஏழைகள் உலக மருத்துவத்துக்குக் கொடுத்த இந்தப் பாடத்தை நம் பள்ளிப் புத்தகங்களில் சேர்க்க வேண்டும்.

ஆனால் அது அவர்கள் தனியாகச் சாதித்தது என்று நினைத்தால் தவறு. பாஸ் மருந்தை நாளுக்கு ஏறத்தாழ 10 கிராம் விழுங்க வேண்டும். குமட்டலும் வயிற்றுப் போக்கும் அதன் வாடிக்கை. நோயாளி மருந்தை உண்மையிலேயே சாப்பிடுகிறாரா என்று அறிய மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போனார்கள். மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி, அதில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். நோயாளியின் குடும்பச் சிக்கல்களைக் கவனிக்கச் சமூகப் பணியாளர்களும் இருந்தார்கள். மருந்தை நோயாளியே எடுத்துக்கொள்ளும்போது எழும் சிக்கல்கள் பற்றி 1958இலேயே ஃபாக்ஸ் தனிக் கட்டுரை எழுதினார். உடம்பு தேறியதும் மருந்தை நிறுத்திவிடுவது படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் இயல்பு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அந்த இயல்பை இன்றைய சிகிச்சையிலும் அப்படியே பார்க்கலாம். வழக்கமான காசநோய்க்கு இப்போது ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. எல்லாம் ஒரே மாத்திரையில் சேர்த்துத் தரப்படுகின்றன. எடைக்கு ஏற்பத் தினமும் பெரும்பாலும் மூன்றோ நான்கோ விழுங்க வேண்டும், மொத்தம் 168 வேளை. அவற்றில் ஒன்றான ரிஃபாம்பிசின் உள்ளே போவதால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அதைப் பார்த்தே மிரண்டு மருந்தை விடுகிறவர்கள் உண்டு. முதல் சில வாரங்களில் காய்ச்சல் விடும், இருமல் தணியும், பசி திரும்பும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் மடிந்துவிட, மந்தமாக ஒடுங்கிக் கிடப்பவை மிஞ்சுகின்றன. அவற்றை அழிக்கத்தான் மீதி மாதங்கள். நோயாளிக்கோ நோய் தெரியவில்லை. மாத்திரையின் குமட்டல் மட்டும் தெரிகிறது. இடையில் நிறுத்தினால் நோய் திரும்பலாம், மருந்துக்கு அடங்காத நோயாகவும் திரும்பலாம். சில ஆண்டுகள் முன்புவரை அப்படிப்பட்ட நோய்க்கு ஏறத்தாழ இரண்டாண்டு சிகிச்சை, அதில் சிலருக்குச் செவித்திறனையே பறித்துவிடும் ஊசிகளும் உண்டு.

மேடைகளில் புகழப்படும் மன உறுதிக்கு இங்கே வேலையே இல்லை என்று தோன்றலாம். மரணத்தை நேருக்கு நேர் பார்த்துச் சிரிக்கும் வீரம் முதல் வாரத்துக்கு உதவும். மூன்றாம் மாதத்தில், உடம்பு சுகமாக இருக்கும் ஒரு காலையில், யாரும் பார்க்காத நேரத்தில் மாத்திரையை எடுத்து வாயில் போட வேறு வகை உறுதி வேண்டும். அது வெளியே தெரியாதது, பாராட்டு பெறாதது. தன் உடம்பு சொல்வதை நம்பாமல் தனக்குத் தெரிந்த உண்மையை நம்பி நடப்பது அது. சுயக்கட்டுப்பாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான வடிவம் இருக்கிறதா? இதற்கு ஓர் அர்த்தமும் தேவைப்படுகிறது. தனக்காக மட்டும் என்றால் சுகமான உடம்போடு மாத்திரை விழுங்குவது கடினம். கூடவே படுக்கும் குழந்தைக்குத் தொற்றக் கூடாது, மீண்டும் படுத்துவிட்டால் வீடு தாங்காது என்ற நினைப்பு கையை மாத்திரைக்குக் கொண்டுபோகிறது. அர்த்தம் எங்கோ தேடிக் கண்டடையும் ரகசியமாக இல்லாமல், யாருக்காக இதைச் செய்கிறேன் என்ற எளிய கேள்விக்கான பதிலாக இருக்கிறது.

துன்பத்தில் அர்த்தம் காண்பது பற்றிப் பேசும் எல்லோரும் மேற்கோள் காட்டும் விக்டர் ஃபிராங்கலையும் இந்த இடத்தில் சரியாகப் படிக்க வேண்டும். வியன்னாவைச் சேர்ந்த அந்த மனநல மருத்துவர் 1942 முதல் 1945 வரை நாஜி முகாம்களில் அடைபட்டிருந்தார். தாய், தந்தை, சகோதரர், மனைவி அனைவரையும் அந்த முகாம்களில் இழந்தார். வாழ ஒரு காரணம் உள்ளவரால் பெரும் கொடுமையையும் தாங்க முடியும் என்று விடுதலைக்குப் பின் 1946இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அந்த நூலின் பிந்தைய பதிப்புகளில் அவர் சொன்ன இன்னொன்று நம் மேடைகளுக்கு வந்து சேரவில்லை. அர்த்தம் கிடைக்கத் துன்பம் அவசியமில்லை என்பதும், தவிர்க்கக்கூடிய துன்பமென்றால் அதன் காரணத்தை நீக்குவதே அர்த்தமுள்ள செயல் என்பதும், வீணாகத் துன்பத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது வீரமாகாது என்பதும் அவருடைய வாதத்தின் பிரிக்க முடியாத பகுதி. காசநோயைப் பொறுத்தவரை இது நேராகப் பொருந்துகிறது. மருந்து இருக்கும் நோயில், சோறு கொடுக்க முடிந்த நாட்டில், நோயாளியின் துன்பத்தில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது. ஒரே தெருவில், ஒரே வறுமையில் இருக்கும் இருவரில் ஒருவர் ஆறு மாதமும் மருந்து சாப்பிட்டுத் தேறுகிறார், மற்றவர் இரண்டாம் மாதம் குடித்துவிட்டுக் கிடக்கிறார். இதற்கும் சமூகத்தைக் குற்றம் சொல்வதா, தனிமனிதப் பொறுப்பு என்று ஒன்று இல்லையா என்று கேட்பார்கள். பொறுப்பு உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு சிகிச்சை பெற்றவர்களை ஆராய்ந்தபோது, பாதியில் விட்டவர்களில் ஆண்களும் மதுப் பழக்கம் உள்ளவர்களும் முன்பே ஒருமுறை சிகிச்சை பெற்றவர்களும் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. இதை வைத்து அவர்களைத் திட்டிவிட்டு நகர்வது எளிது. ஆனால் மதுப் பழக்கமும் ஒரு நோய். அதற்குச் சிகிச்சை தராமல் காசநோய்க்கு மட்டும் மாத்திரை கொடுத்து அனுப்பினால் அந்த மாத்திரை என்ன ஆகும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். மனிதனிடம் இருக்கும் கட்டுப்பாடு அளவற்றதல்ல. காலையில் கூலி கிடைக்குமா என்ற கவலைக்கும், கடன்காரனின் வாசல்படி ஏச்சுக்கும், பசிக்கும் அதே மனம்தான் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எதிரில் நின்று விழுங்க வைத்துவிடலாமே என்ற வழியையும் உலகம் முயன்றது. சுகாதாரப் பணியாளரின் கண்ணெதிரே மாத்திரை சாப்பிடும் முறை 1990களில் பல நாடுகளின் கொள்கையானது. மாத்திரை அட்டையில் மறைந்திருக்கும் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கும் ஏற்பாடும் நம் நாட்டில் வந்தது. வெறும் கண்காணிப்பு மட்டும், தானே சாப்பிடுவதைவிடக் கணிசமாக நல்ல பலனைத் தருவதாக உறுதியான சான்று இல்லை என்றே காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2015இல் முடிவு சொன்னது. இதில் எனக்கு வியப்பில்லை. தினமும் கூலியை விட்டுவிட்டு மையத்துக்கு வரச்சொல்லும் ஒழுங்கு, நோயாளியின் ஒழுங்கை வளர்ப்பதற்குப் பதில் அவரைக் களைப்பாக்குகிறது. காவலுக்கு நிற்பவருக்கும் துணைக்கு நிற்பவருக்கும் உள்ள வேறுபாடு நோயாளிக்கு ஒரே நாளில் புரிந்துவிடும்.

இரண்டாவது மறுப்பு என் வாதத்தின் வேரையே தொடுகிறது. சேத்துப்பட்டு ஆய்வில் வீட்டிலிருந்தவர்கள் குறைந்த உணவோடுதானே தேறினார்கள், பின் எதற்குச் சோற்றைப் பற்றிய பேச்சு என்று கேட்கலாம். அந்த ஆய்வு விடைகண்ட கேள்வி வேறு. மருந்தைத் தவறாமல் உட்கொண்டால் கிருமியை அழிக்கச் சானடோரியத்து உணவு கட்டாயமில்லை என்பதை அது காட்டியது. மருந்து தவறாமல் இருக்க ஆய்வு மையமே பின்னால் நின்றது. எலும்பும் தோலுமாக வந்து சேரும் நோயாளி முதல் வாரங்களைத் தாண்டுவாரா என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் நடந்து 2023இல் லான்செட் இதழ்களில் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வு விடை தருகிறது. 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு மாதந்தோறும் உணவுப் பொருள்களும் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை நூற்றுக்கு 5 கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 விழுக்காடு குறைந்திருந்தது. எடை கூடியதால் பிழைத்தார்களா, பிழைக்கும் நிலையில் இருந்ததால் எடை கூடியதா என்ற கேள்வி இதில் மிச்சமிருப்பதை மறுக்கவில்லை. ஆனால் நோயாளியின் குடும்பத்தாரைப் பொறுத்தவரை அந்த ஐயத்துக்கு இடமில்லை. அவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு தரப்புக்கு மட்டும் கூடுதல் அரிசி, பருப்பு கொடுத்து ஒப்பிட்டபோது, உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. எந்த ஊக்கவுரையும் செய்யாத வேலையை அரிசி மூட்டை செய்திருக்கிறது.

தமிழ்நாடு இதைப் புரிந்துகொண்டு ஓர் அடி எடுத்துவைத்திருப்பதைப் பாராட்ட வேண்டும். 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதும் நோயாளியின் எடை, மூச்சுத் திணறல், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, நிலை மோசமானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சையின் தொடக்க வாரங்களிலேயே நேர்கிறது என்பதுதான் இதற்குக் காரணம். மத்திய அரசு 2018 முதல் ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாய் ஆக்கியது. நல்லது. ஆனாலும் ஆறு மாதம் கூலி குறைந்த ஒரு குடும்பத்தின் மளிகைக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் அது போதாது, அதுவும் தாமதமாக வந்தால் முதல் இரண்டு மாதத்துக்கு உதவவே உதவாது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் வாழும் நாட்டில் இதற்கு இன்னும் செலவிடத்தான் வேண்டும்.

இப்படியெல்லாம் பேசினால், நோயைத் தாண்டி வாழ்வை மாற்றிக்கொண்டவர்களின் அனுபவத்தை நான் சிறுமைப்படுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். நோயில் படுத்தபோது குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். தேறியபின் மற்ற நோயாளிகளுக்குத் துணையாகப் போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். காசநோய்த் திட்டத்தில் குணமானவர்களையே தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொள்வதற்கு நல்ல காரணம் உண்டு. மூன்றாம் மாதக் குமட்டலைத் தானே கடந்துவந்தவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மருத்துவரின் பத்து அறிவுரை ஈடாகாது. அவர்கள் பெற்ற வலிமை உண்மையானது. அதை நோய் கொடுத்தது என்று சொல்லி அவர்களுடைய உழைப்பையும், அவர்களுக்குச் சோறு போட்ட அக்காவையும், வேலையைக் காத்துவைத்திருந்த முதலாளியையும் கணக்கிலிருந்து நீக்கிவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

இந்தத் துணை கிடைக்காமல் போவதில் மிகவும் அடிபடுகிறவர்கள் இளம்பெண்கள். கல்யாணம் தடைப்படும், கட்டிக்கொடுத்த இடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் மாத்திரையைத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்து, வீட்டார் தூங்கிய பிறகு சாப்பிடும் நிலை இன்றும் இருக்கிறது. ஒளித்துச் செய்யும் எதையும் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்வது யாருக்குத்தான் முடியும்? மருந்து முறையாகப் பலிக்கத் தொடங்கிவிட்டால் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை பெருமளவு குறைந்துவிடுகிறது என்பது வீட்டுக்கு வீடு தெரிந்தால், இந்த ஒளிப்பில் பாதி தேவைப்படாது.

உங்கள் கடையிலோ பட்டறையிலோ வேலை செய்கிறவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், மருத்துவர் சொல்லும் நாள்வரை விடுப்பு கொடுங்கள், அந்த வேலையை அவருக்காக வைத்திருங்கள். பக்கத்து வீட்டில் என்றால், தைரியமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு வருவதோடு நிறுத்தாமல், காலை மாத்திரைக்குப் பிறகு சாப்பிட என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள். அவருக்கு உடம்பு தேறியதுபோல் தெரியும் மூன்றாம் மாதத்தில் கட்டாயம் கேளுங்கள்.